புறா இல்லாத பத்திரிகை

சித்தூரில் ஊரைக் கூட்டியவர்கள் உண்டு. ஊரை விரட்டியவர்களும் உண்டு. ஒரே வகை அச்செழுத்தை வைத்துக்கொண்டு, அதுவும் ஒரே கல்யாணத்தில், இரண்டையும் செய்து காட்டிய மகான் ‘பிளெயின்’ ஒருவர்தான். அந்தக் கல்யாணம் என் தங்கச்சி எஸ்தருடையது.

எழுபதுகளில் சர்ச் தெரு திருப்பத்தில் அவர் ஒரு பிரஸ் வைத்திருந்தார். பிரஸ் என்றால் வாசலில் சரஸ்வதியோ சிலுவையோ, முதலாளி பெயரோ, குறைந்தபட்சம் ஒரு தாமரைப் பூவோ இருக்க வேண்டுமே. இவர் போர்டில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ‘அச்சகம்’ என்று மட்டும் இருக்கும். ஒருநாள் நானே கேட்டேன்.

“சார், உங்க பேரு இன்னா?”

“அச்சகம்னு போட்டிருக்குதே. அச்சடிக்கணும்னா உள்ள வா. என் பேரை வெச்சி நீ இன்னா பண்ணப் போற?”

அதோடு நான் விட்டுவிட்டேன். ஊரும் விட்டுவிட்டு ‘பிளெயின்’ என்று ஞானஸ்நானம் பண்ணிவிட்டது. ஓட்டலில் பிளெயின் தோசை, அதிலும் நெய் மினுங்கக் கூடாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அதில் கரை கிடையாது. மீசை ஒரு அலங்காரம் என்று எடுத்துவிட்டார். சுவர்க் காலண்டரில் சாமிப் படத்தையும் குழந்தைப் படத்தையும் கத்தரித்துப் போட்டுவிட்டு, தேதிக் கட்டை மட்டும் ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். ராகமும் அவருக்கு அலங்காரம்தான். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி பாடுவார்.

இதெல்லாம் பிறவிக் குணம். வியாதியாக முற்றியது ஒரு தரம் மெட்ராஸ் போய்விட்டு வந்த பிறகுதான். அங்கே அச்செழுத்து விற்கிற இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் ஒரு வெளிநாட்டு மாதிரிப் புத்தகத்தைக் காட்டிவிட்டான். சுவிட்சர்லாந்துப் பக்கம், பாலும் பனியும் கடிகாரமும் போதாமல் பொழுது போகாத யாரோ உட்கார்ந்து செய்த இங்கிலீஷ் எழுத்தாம். எழுத்தின் கையிலும் காலிலும் இருக்கிற சின்னச் சின்ன நீட்டலை எல்லாம் நறுக்கி, ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் ஒல்லி என்கிற பேச்சே இல்லாமல், எல்லாக் கோடும் ஒரே கனம். சிரிக்கவும் சிரிக்காது, அழவும் அழாது. பேங்க் கேஷியர் முகம் மாதிரி இருக்கும்.

“இதுக்கு மூஞ்சியே இல்ல பாத்தியா?” என்று, வாங்கிக்கொண்டு வந்த ஈய அச்சு ஒன்றை என்னிடம் நீட்டினார், பிறந்த குழந்தையை நீட்டுகிற மாதிரி.

“ஆமா சார். பாவமா இருக்குது.”

“அதான்யா அதோட பெருமை. எழுத்து தண்ணி மாதிரி இருக்கணும். தண்ணிக்கு ருசி இருந்தா இன்னா அர்த்தம்? ஏதோ கலந்திருக்குதுன்னு அர்த்தம்.”

இங்கிலீஷ் எழுத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தமிழுக்கும் தெலுங்குக்கும் யார் செய்து வைத்திருக்கிறார்கள்? தானே ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்து, மெட்ராஸுக்கு அனுப்பி ஈய எழுத்தாக வார்த்துக்கொண்டு வந்தார். ‘இ’ எழுத்துதான் அவருக்கு ஜென்ம விரோதி. எந்தப் பக்கம் பிடித்து நிமிர்த்தினாலும் வேறு பக்கம் வளைந்துகொண்டது. “இன்னா சார் கொஞ்ச நாளா வெளியவே காணோம்?” என்றால், “‘இ’யோட மல்லுக்கட்டிக்கினு இருக்கேன்” என்பார், வீட்டில் கோர்ட்டு வழக்கு நடக்கிற குரலில். தெலுங்கு எழுத்தின் தலையில் இருக்கிற டிக் மார்க்கை எடுத்துவிடலாமா என்று தெலுங்கு வாத்தியாரிடம் கேட்டுப் பார்த்தார். எடுத்தால் படிக்க முடியாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றைக்கு மனுஷன் சோறே துன்னவில்லை.

எழுத்தைச் செய்து முடித்ததும் ஊரில் உள்ள எல்லாவற்றையும் அதிலேயே அச்சடித்தார். மிட்டாய்க் கடைக்காரர் மைசூர்பாகு டப்பாவுக்கு லேபிள் கேட்டார். வெள்ளை லேபிளில் கறுப்பாக ‘மைசூர்பாகு’ என்று போட்டுக் கொடுத்தார். வாங்கிப் போன ஒரு கிழவர், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று திரும்பி வந்து கேட்டாராம். திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு வாடகை போர்டு எழுதினார். பக்தர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆபீஸ் என்று நினைத்து, ரூம் காலியாக இருந்தும் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். டூரிங் டாக்கீஸுக்கு ஒரு சினிமா நோட்டீஸ். கதாநாயகன், கதாநாயகி, சண்டை, ஆறு மணி, எல்லாம் ஒரே கனம். ஊர் அதைக் கரண்ட்டு நிறுத்துகிற அறிவிப்பு என்று முடிவு செய்து, சாயங்காலம் மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மணிக்காகக் காத்திருந்தது. டாக்கீஸில் ஈ பறந்தது.

துக்கப் பத்திரிகை மட்டும் அந்த எழுத்தில் கனகச்சிதமாக அமைந்தது. செத்தவரைத் தவிர எல்லோரும் பாராட்டினார்கள்.

இப்படிப்பட்டவரிடம் எந்த முட்டாளாவது கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பானா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தேன்.

நைனா போன பிறகு எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வெல்ல மண்டியில் எடை போடப் போனவன் நான். வெல்லம் உருகிவிடுமோ, தராசு பொய் சொல்லுமோ, மழை வருமோ, வராமல் போய்விடுமோ என்று சம்பளம் வாங்கிக்கொண்டு கவலைப்படுகிற வேலை. அந்தக் கவலையெல்லாம் கடலை மிட்டாய் என்று ஆகிவிட்டது, எஸ்தருக்கு ரேணிகுண்டாவில் சம்பந்தம் பேசினபோது. மாப்பிள்ளை தங்கம். மாப்பிள்ளையின் அப்பா, ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், இரும்பு. நிச்சயத்தன்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“தம்பி, நகை நட்டு எதுவும் நான் கேக்கல. எங்க பக்கம் ஒரு பஸ் ஜனம் வரும். சர்ச்சுல உங்க பக்கமும் பெஞ்சு நெறையணும். அவ்ளோதான்.”

“நெறைஞ்சிடும் சார்.”

“பெரியவனுக்குப் பாத்த எடத்துல பொண்ணு பக்கம் பெஞ்சு காலியா கெடந்துச்சு. சொந்தக்காரனே வராத வீட்டுல ஏதோ சங்கதி இருக்குதுன்னு, சர்ச்சு வாசல்லயே பஸ்ஸைத் திருப்பிக்கினு பூட்டேன்.”

அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். 

கல்யாண மாசம். மற்ற பிரஸ்களில் எல்லாம் வரிசை. பிளெயினிடம் மட்டும் வரிசையே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யோசிப்போம்.

“சார், எஸ்தர் ரெண்டே ரெண்டு புறா கேக்குது. மூலையில, மூக்கோட மூக்கு வெச்சா மாதிரி.”

“கல்யாணம் யாருக்கு? புறாவுக்கா?”

“இல்ல சார், ஒரு அழகுக்கு.”

“அப்புறம் மணி கேப்ப. ரிப்பன் கேப்ப. ரோஸ் கலர் கேப்ப. வர்றவன் புறாவைப் பாத்துக்கினு தேதியை வுட்டுடுவான். உனக்கு ஜனம் வரணுமா வேணாமா?”

அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். ஜனம் வரணுமே.

பத்திரிகை வந்தது. வெள்ளை அட்டை. எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வலது பக்கம் காலி மைதானம். திருமணம், பெயர், நாள், நேரம், இடம். ‘தங்கள் மேலான வருகையை’ என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததை வெட்டி ‘தவறாமல் வரவும்’ என்று சுருக்கியிருந்தார். பூப்போட்ட கவர் அவரிடம் கிடையாது. நீளமான காக்கிக் கவர்தான் இருந்தது. அதன்மேல் விலாசம், அதே எழுத்தில்.

முதல் பத்திரிகையை ரேணிகுண்டாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபோர்மேன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ப்ரூஃப் நல்லா இருக்குது தம்பி. பத்திரிகை எப்போ வரும்?”

அவர் வீட்டுப் பத்திரிகை மேஜை மேல் இருந்தது. தங்க ஜரிகை ஓரம், சென்ட் வாசனை, புறா ஒரு கூட்டமே. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தேன். மற்றதை எல்லாம் தபாலில் போட்டேன். மண்டிக்காரர்களுக்கு மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், பிச்சாட்டூர் மாமா தலையில் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். மூட்டையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, உனக்குத் தெரிஞ்ச வக்கீல் யாருனா இருக்காங்களா?”

“வக்கீல் எதுக்கு மாமா?”

“ஏரி உள்வாய்ப் புறம்போக்குல கொஞ்சம் வேர்க்கடலை போட்டிருந்தேன் இல்ல? காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திடுச்சு. பிஞ்சும் காயுமா எல்லாத்தையும் புடுங்கிட்டேன். அந்த மூட்டைதான் இது. நாளைக்குப் பத்து மணிக்குத் தவறாம வரச் சொல்லியிருக்கான் பாவி.”

மடியிலிருந்து காக்கிக் கவரை எடுத்தார். எஸ்தரின் பத்திரிகை.

“மாமா, இது கல்யாணப் பத்திரிகை. மொத வரியில திருமணம்னு போட்டிருக்குது பாருங்க.”

“எவண்டா படிச்சான்? பாத்தேன். பாத்தவுடனே ஒடம்பு வேர்த்துப் போச்சு. நாள், நேரம், கடைசி வரி, அதை மட்டும் ஒரு கண்ணால பாத்துட்டு மடிச்சு வெச்சிட்டேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக மண்டியில் கடைகள் சாத்தியே இருந்தன. வெல்லம் வரத்து குறைவு என்று நினைத்திருந்தேன். ஓடினேன். எங்கள் முதலாளி வீட்டில் அவர் மனைவி கதவைக் கால்வாசி திறந்தார்.

“அவரு சாந்திபுரத்துல மாமியார் வீட்டுக்குப் போய்க்கிறாரு. எப்போ வருவாருன்னு தெரியாது. விற்பனை வரிக்காரன் நோட்டீஸ் குடுத்துட்டானாம். ஏம்ப்பா, உனக்கும் வந்துச்சா?”

“நான்தான்மா குடுத்தேன்” என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மண்டியே அப்படித்தான் காலியாகியிருந்தது. சித்தப்பா வீடு பூட்டு. பெரியம்மா மகன் வீடு பூட்டு. சொந்தபந்தம், வியாபாரம் எல்லாம் ஆளுக்கொரு குற்ற உணர்ச்சியோடு ஆளுக்கொரு திசையில் தலைமறைவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் இத்தனை பேர் இத்தனை தப்பு செய்துகொண்டு இருந்தார்கள் என்பதே எனக்கு அந்த எழுத்து சொல்லித்தான் தெரியும்.

மாமாவையும் இழுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“நாளைக்கு அந்தாளு பஸ்ஸைத் திருப்பிடுவாரு சார். எஸ்தர் கல்யாணம் நின்னுடும்.”

பிளெயின் பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்துல தப்பில்லியே.”

“அப்போ ஜனத்துல தப்பா?”

“ஆமா. எழுத்து சும்மாதான் இருக்குது. இவங்களே பயந்துக்கினா அது இன்னா பண்ணும்?”

பிச்சாட்டூர் மாமா இடையில் வந்தார். “சார், கோச்சிக்காதீங்க. மூஞ்சியே இல்லாம பேசறவன் இந்த ஊர்ல யாரு? கவர்மெண்ட்டு மட்டும்தான்.”

 பிளெயின் அட்டையைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று தெரிந்தது. பிறகு எழுந்து, மெஷினில் பெரிய தாள் மாட்டினார்.

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, ரேஷன் கடைச் சுவர் எல்லா இடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு நோட்டீஸ். ‘சர்ச் தெரு. நாளை காலை பத்து மணி. திருமணம். பொதுமக்கள் தவறாமல் வரவும்.’ எல்லாம் ஒரே கனம்.

“இதப் பாத்து யாரு சார் வருவாங்க?”

“உள்ளதைத்தான் போட்டிருக்கேன். படிக்கிறவன் படிக்கட்டும். பாக்கிறவன் பாக்கட்டும்.”

மறுநாள் காலை சர்ச்சில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நுழைந்தேன். திறந்தபோது எங்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் இடமில்லை. சுவர் ஓரம் நின்றார்கள். ஜன்னலில் தொத்திக்கொண்டு இருந்தார்கள். முகம் தெரிந்தவர் பிச்சாட்டூர் மாமா ஒருவர்தான். மற்ற எல்லோர் கையிலும் ரேஷன் கார்டு, பட்டா நகல், கோரிக்கை மனு. ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தார், கடன் கொடுத்த ஆபீசர் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்பாரோ என்று. தங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாததால் யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் சர்ச்சில் அப்படி ஓர் ஒழுங்கை நான் பிரசங்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஃபோர்மேன் பஸ்ஸைவிட்டு இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்.

“இன்னா மரியாதை தம்பி உங்க ஜனத்துக்கு. கையில காகிதத்தோட வந்திருக்காங்க, பாட்டு எழுதிக்கினு வந்தாங்களா?”

“ஆமா சார்” என்றேன். வேறு என்ன சொல்வது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பாஸ்டர் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை. எங்கள் கல்யாணங்களில் அது ஒரு முறை. இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் சபையைப் பார்த்துக் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு இருமல்கூட வராது. வந்தால் கெட்டது.

பாஸ்டர் ஐயா கேட்டார். மூன்றாவது பெஞ்சில் ஒரு அம்மா எழுந்து நின்றார், கையில் மனுவோடு.

“மா வீதிலோ நீள்ளு ராவட்லேதய்யா.”

எங்கள் தெருவில் தண்ணீர் வருவதில்லை ஐயா என்று அந்த அம்மா தெலுங்கில் சொன்னார். முறை வந்துவிட்டது என்று தெரிந்ததும் பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். தெரு விளக்கு, சாக்கடை, முதியோர் பென்ஷன். ஆட்டுக்குட்டியும் கத்தியது. எஸ்தர் முக்காட்டுக்குள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஃபோர்மேன் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண் வாசலில் நின்ற பஸ் பக்கம் போய்வந்தது.

“தம்பி, இன்னா ஆட்சேபணை இது?”

 அப்போது கடைசி பெஞ்சிலிருந்து பிளெயின் நடந்து வந்தார். கரையில்லாத வேட்டி, பொத்தான் வரை வெள்ளை, சவரம் செய்த முகம். அவரைப் பார்த்ததும் எழுந்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே கையைக் கட்டினார்கள். அவர் அச்சடித்த எதைவிடவும் அவர்தான் நோட்டீஸ் மாதிரி இருந்தார்.

“மனு இங்க குடுங்க. குடுத்தவங்க உக்காருங்க. கல்யாணத்துல யாருக்கும் ஆட்சேபணை இல்லியே?”

“லேதய்யா, இல்லீங்கய்யா” என்றது சபை முழுக்க.

“ஐயா, மேல நடத்துங்க.”

பாஸ்டர் ஐயா மேலே நடத்தினார்.  மோதிரம் மாற்றின பிறகு ஃபோர்மேன் என் காதருகே குனிந்தார்.

“அந்த ஆபீசர் யாரு?”

“சொந்தம்தான் சார்” என்றேன்.

“தண்ணி பிரச்சனைக்கே ஆபீசர் வர்ற குடும்பம். எங்க பெரியவனுக்கும் உங்க பக்கமே பாத்திருக்கலாம்” என்று அவர் வருத்தப்பட்டார்.

விருந்தில் வேர்க்கடலை வேகவைத்துப் போட்டோம். பிஞ்சாக இருந்ததால் ருசியாக இருந்தது என்று ரேணிகுண்டாக்காரர்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். மாமா மட்டும் ஒரு கடலையைக்கூடத் தொடவில்லை.

பிளெயின் விருந்துக்கு உட்காரவில்லை. பிரஸ்ஸுக்குப் போய், வாங்கின மனுக்களை எல்லாம் ஒன்றுவிடாமல் தன் எழுத்தில் கோத்து அச்சடித்து, காக்கிக் கவரில் போட்டு நகராட்சிக்கு அனுப்பினார். அங்கே அந்தக் கவரைப் பார்த்தவர்கள் மேலிடத்து உத்தரவு என்று நினைத்திருக்க வேண்டும். அந்த அம்மா தெருவுக்கு அந்த மாசமே குழாய் வந்தது. வந்த தண்ணீருக்கு ஒரு ருசியும் இல்லை என்று யாரோ குறை சொன்னார்களாம். கேள்விப்பட்டு அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

எங்கள் முதலாளி சாந்திபுரத்திலிருந்து திரும்பி வந்து என்னைத் திட்டின திட்டு இங்கே அச்சிடத் தகாதது. எந்த எழுத்தில் போட்டாலும் தகாதது.

கல்யாணத்தன்று எஸ்தர் ரேணிகுண்டாவுக்குக் கிளம்பும்போது பஸ் அருகே பிளெயின் வந்து நின்றார். என் கையில் ஒரு காக்கிக் கவரைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கே உடம்பு வேர்த்துவிட்டது. பிரிக்கத் தைரியம் இல்லாமல் எஸ்தரிடம் கொடுத்தேன். அவள் பிரித்தாள். அதே பத்திரிகை, அதே எழுத்து, ஒரே ஒரு பிரதி. மூலையில் மட்டும் ரோஸ் கலரில் இரண்டு புறா. பழக்கமில்லாத கை, பாவம், அதில் ஒன்று தலைகீழாக விழுந்திருந்தது.